பிரேக் அக்காவின் வலது கால்

என் அக்காவின் வலது கால் பிரபலமானது. அதைப் பனியனில் அச்சடித்து விற்றார்கள். அது தரையை ஓங்கி மிதிக்கும் சத்தத்தைக் கைப்பேசியில் அழைப்பொலியாக வைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தொல்லைதான். சாப்பாட்டு மேசைக்கு அடியில், அவள் நாற்காலிக்கு நேராக, தரைவிரிப்பு ஒரே இடத்தில் நூல் பிரிந்து கிடக்கும். தொலைக்காட்சியில் ஒரு கார் இன்னொரு காரைத் துரத்தினால் இவள் இங்கே மிதிப்பாள். பல் மருத்துவரிடம் போனபோது சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு மிதித்தாள். பாவம், அவர் கையிலிருந்த கருவி நழுவி விழுந்தது. பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் என் செருப்புக்கு உத்தரவாதம் கிடையாது.

"அக்கா, பஸ்ஸுக்கு டிரைவர்னு ஒருத்தர் இருக்காரு," என்பேன்.

"அவர் பார்க்கலைன்னா?" என்பாள்.

அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். அந்தக் கார்களில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுப்பவர் மிதித்து நிறுத்துவார். அந்த இருக்கையில்தான் அக்காவின் இளமை முழுக்கக் கழிந்தது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "ஒருத்தன் பக்கத்துல உக்காந்து வாழ்நாள் பூரா பிரேக் போடணும், அவ்வளவுதானே? அதைத்தான் தினமும் சம்பளத்துக்குப் பண்றேன்," என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு இரண்டு அறை வீட்டில் நானும் அவளும்தான். எனக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை.

அவள் வேலை செய்யும் விதமே தனி. வண்டியில் ஏறியதும், கற்றுக்கொள்பவர் சாவியைத் தொடும் முன், தன் பக்கத்துப் பிரேக்கை மெதுவாக, முழுசாக ஒரு முறை மிதித்துப் பார்ப்பாள். அது சரியாகப் பதிந்தால்தான் "ம், சாவியைப் போடு" என்பாள். கொஞ்சம் இளகியிருப்பதாகத் தோன்றினாலும் இறங்கிவிடுவாள். மெக்கானிக் வந்து பார்க்கும்வரை வண்டி நகராது. முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். பிறகு புதிதாக வந்தவர் யாராக இருந்தாலும், டாக்டரோ தையல்காரரோ, முதல் பாடம் ஒன்றுதான்.

"நான் பிரேக்னு சொன்னா, ஏன்னு கேக்காதீங்க. மொதல்ல நிறுத்துங்க. ஏன்னு அப்புறம் பேசிக்கலாம்."

திட்டுவதிலும் குறைவைக்க மாட்டாள். "கண்ணாடியைப் பாருங்கன்னா முடியை ஒதுக்குறீங்க. பின்னாடி வர்ற லாரிக்கு உங்க அழகு தெரியாதுங்க." இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி தொலைக்காட்சியில் ஆள் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருந்தாள். பன்னிரண்டு பேரை ஒரு வீட்டுக்குள் அடைத்துச் சண்டை போடவைத்து, அதை ஊர் முழுக்கப் பார்க்கவைக்கும் நிகழ்ச்சி. நடிகர்கள், பாட்டுக்காரர்கள் நடுவே சாதாரண ஆள் ஒருவர் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்களாம். திட்டு வாங்கியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்காவின் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

அந்த வீட்டுக்குள் போன முதல் வாரம் அக்கா யாரோடும் ஒட்டவில்லை. பாத்திரம் கழுவினாள், மூலையில் உட்கார்ந்தாள். அடுத்த முறை வெளியே போகப் போவது இவள்தான் என்று கடைக்கு வந்தவர்களெல்லாம் என்னிடமே சொன்னார்கள். அப்புறம் ஒரு நாள் இரண்டு ஆண்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் நாற்காலியைத் தூக்கிவிட்டான். அக்கா இருந்த இடத்திலிருந்தே வலது காலைத் தரையில் ஓங்கி மிதித்து, "பிரேக்!" என்றாள். அவள் குரல் அப்படி. லாரியின் இரைச்சலைத் தாண்டிக் கேட்டுப் பழகிய குரல். நாற்காலி அந்தரத்திலேயே நின்றது. இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி விழித்தார்கள்.

அவ்வளவுதான். அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் அழைப்புமணியைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அக்கா போட்டியில் ஜெயிக்கவில்லை, ஆனால் ஜெயித்தவன் யாரென்று இன்று யாருக்கும் நினைவில்லை. அவள் வெளியே வந்தபோது பிரேக் அக்கா ஆகிவிட்டிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் யாராவது கத்துவார்கள், மூடினால் தட்டுவார்கள். கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவர் என்னைப் பார்த்து, "நீங்க அவங்க தங்கச்சியாமே, ஒரு தடவை மிதிச்சுக் காட்டுங்களேன்," என்றார். "உங்களுக்கு இருமல் நிக்கணுமா வேண்டாமா?" என்று கேட்டேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறாமை என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் அதுவும்தான்.

அக்காவுக்கு அது பிடித்திருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரும் ஏறிட்டுப் பார்க்காத எல் போர்டு காரில் வெயில் மழை பார்க்காமல் உட்கார்ந்திருந்தவள், திடீரென்று தெருவே திரும்பிப் பார்த்தால் பிடிக்காதா? கண்ணாடி முன்னால் நின்று மிதித்துப் பார்ப்பாள். எந்தப் பக்கமிருந்து பார்த்தால் நன்றாயிருக்கிறது என்று என்னைக் கேட்பாள். பயிற்சிப் பள்ளியில் கூட்டம் அலைமோதியது, ஆனால் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் சிலர்தான். மற்றவர்கள் வேண்டுமென்றே கோட்டைத் தாண்டினார்கள், அவள் கத்துவதைப் படம் பிடிக்க. அவளும் கத்தினாள். காரணமில்லாமல்கூடக் கத்தினாள்.

புலி வருது கதையைச் சின்ன வயதில் எல்லோருக்கும் சொல்கிறார்கள். கத்துகிறவனுக்குக் கைதட்டலும் கிடைத்தால் என்ன ஆகும் என்று அதில் சொல்வதில்லை.

பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் அவளுக்கென்றே ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். ரசிகர் ஒருவருக்கு அக்கா கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் ரசிகையாக வந்தவள் துணிக்கடையில் விற்பனை வேலை பார்க்கும் பெண். சின்னப் பெண், கன்னம் நிறையச் சிரிப்பு. அக்காவின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. படப்பிடிப்புக்காக ஒரு தெருவின் இரு முனையையும் அடைத்திருந்தார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, அக்காவின் கைப்பையைச் சுமந்துகொண்டு நடைபாதையில் நின்றேன்.

நிகழ்ச்சிக்கு விளம்பரம் தரும் கம்பெனி கொடுத்த கார் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அக்கா ஏறினாள். பழக்கப்படி வலது காலை நீட்டினாள். உடனே இறங்கிவிட்டாள்.

"தம்பி, இதுல எனக்குப் பிரேக் இல்லையே?" என்றாள் இயக்குநரிடம்.

"காலி ரோடுதானே அக்கா. கேமராவுல கீழ வரைக்கும் தெரியவும் தெரியாது. நீங்க சும்மா தரையை மிதிங்க, சத்தத்தை நாங்க பின்னாடி சேர்த்துக்குறோம்."

அவர் அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்தார். "நீ ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. அக்கா பிரேக்னு கத்துவாங்க. பயந்து நிறுத்திடாதே. நிறுத்தினா காட்சி போயிடும். சிரிச்சுக்கிட்டே ஓட்டு."

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள். "அப்படியா அக்கா? நிறுத்த வேண்டாமா?"

இளகிய பிரேக்குக்காக முதலாளியோடு மல்லுக்கட்டியவள் என் அக்கா. அன்று ஒரே வார்த்தையில் மறுத்திருக்கலாம். விளக்குகளைப் பார்த்தாள், காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

"நிறுத்த வேண்டாம்மா. அது சும்மா."

முதல் முறை வண்டி தெருவின் பாதிவரை போனது. அக்கா கத்தினாள், பெண் சிரித்தாள், எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாம் முறை போகும்போது ஒரு சந்திலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் தன் மூன்று சக்கர வண்டியோடு வெளியே வந்தார். அந்தச் சந்தின் வாயை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை. படப்பிடிப்பைப் பார்த்ததும் அவர் அங்கேயே, தெருவோரத்தில் நின்றுவிட்டார். அந்தப் பெண்ணின் பார்வை முழுக்கக் கேமராவில் இருந்தது. அக்கா பார்த்துவிட்டாள்.

"பிரேக்!"

பிறந்ததிலிருந்து கேட்ட குரல் எனக்கு. அந்தக் குரலில் இருந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் கைதட்டியது. பெண் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். அக்கா மறுபடியும் மறுபடியும் கத்தினாள், வெறும் தரையை மிதித்து மிதித்துக் கத்தினாள், கைதட்டல் கூடியது. கார் மோதி, கேன்கள் உருண்டு தெருவெல்லாம் தண்ணீர் ஓடிய பிறகுதான் கைதட்டல் நின்றது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கேன்காரருக்குத் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. போலீஸ் அக்கா மீதும் அந்தப் பெண் மீதும் வழக்குப் போட்டது. நேற்றுவரை பனியனில் காலைப் போட்டுக்கொண்டவர்கள் இன்று அந்தக் காலை உடைக்கவேண்டும் என்று எழுதினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் கைப்பேசியை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன்.

அன்றிலிருந்து அக்காவின் கால் எதையும் மிதிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களையும் நாற்காலிக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டாள். உட்காருவதே அபூர்வம். அறைக்கும் சமையலறைக்கும் நடந்தாள், குழாயைத் திறந்து மூடினாள், மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவளைப் பார்த்து நானும் நடந்தேன். இரண்டு அறை வீட்டில் இரண்டு பேர் நடந்தால் முட்டிக்கொள்ளாமல் என்ன செய்வது? "நீ ஒரு இடத்துல உக்காரேன்," என்று அவள் என்மேல் பாய்வாள். "நீ உக்காரு, நானும் உக்காருறேன்," என்பேன். ஒருவரும் உட்கார மாட்டோம்.

கேன்காரரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனோம். வக்கீல் போகவே கூடாது என்று சொல்லியிருந்தார், அதனாலேயே அவள் கிளம்பிவிட்டாள். அவர் திட்டுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் மனைவி எங்கள் பக்கம் நாற்காலியைக்கூட நகர்த்திப் போடவில்லை. அவர்தான் பேசினார்.

"நீங்க கத்தினது எனக்குக் கேட்டுச்சும்மா. நல்லாவே கேட்டுச்சு."

"அப்புறம் ஏங்க நகரலை?" என்றாள் அக்கா.

"டிவியில தினம் கத்துவீங்களே, அதுதான்னு நெனச்சேன். நானும் கேமராவைப் பார்த்துச் சிரிச்சேன்."

வெளியே வந்ததும் அக்கா மருத்துவமனைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுத்தது. ஒவ்வொரு முறையும் நீதிமன்ற வாசலில் நாலு பேர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு, "பிரேக்!" என்று கத்துவார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் கையைக் கழுவிவிட்டார்கள். பங்கேற்ற பெண் பதட்டத்தில் தவறு செய்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். இயக்குநர், தான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்றார். கேமரா ஓடத் தொடங்கும் முன் பேசிய பேச்சு என்பதால் பதிவும் கிடையாது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆள் மருந்து வாங்க எங்கள் கடைக்கு வந்திருக்கவேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசம், அந்தப் பெண்ணே போலீஸிடம், "நான்தான் பயந்துட்டேன், அக்கா மேல தப்பு இல்லை," என்று சொல்லியிருந்தாள். அக்காவைக் காட்டிக்கொடுக்க மாட்டாளாம். பக்தி!

எங்கள் வக்கீலுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கு. நீங்க எதுவும் சொல்லவே வேண்டாம். கேட்டா, எனக்குத் தெரிஞ்சவரை பொண்ணு பதட்டப்பட்டாள்னு ஒரு வார்த்தை. உங்க பயிற்சியாளர் உரிமமும் தப்பிச்சிடும்."

"வேற மாதிரி சொன்னா?" என்றேன்.

"உரிமம் போயிடும். அப்புறம் இவங்க எந்த ஸ்கூல்லயும் அந்த சீட்டுல உக்கார முடியாது."

வீட்டுக்கு வந்து நானும் அதையேதான் சொன்னேன். அக்காவுக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது. "அந்தப் பொண்ணு அவளா சொல்லிட்டா. நீ என்ன சொல்லச் சொன்னியா? விடேன்," என்றேன். அக்கா மடித்த துணியை எடுத்துப் பிரித்தாள்.

விசாரணை நாளன்று அந்தப் பெண் தன் அம்மாவோடு நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. துணிக்கடை வேலை போய்விட்டதாம். காரை ஏற்றியவளிடம் யார் துணி வாங்குவார்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். அந்த அம்மா அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண் எழுந்து வந்தாள்.

"அக்கா, பயப்படாதீங்க. நான் சொன்னதை மாத்த மாட்டேன்."

"நீ நல்லா ஓட்டினேம்மா," என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"சொன்ன மாதிரியே ஓட்டினே. ஒரு தப்பும் பண்ணலை."

உள்ளே கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியதும் அக்கா ஒரு காரியம் செய்தாள். எனக்கு மட்டும்தான் அது புரிந்திருக்கும். வலது காலை முன்னால் வைத்து, மரப்பலகையை மெதுவாக, முழுசாக ஒரு முறை மிதித்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு! இனி இவளை யாரும் நிறுத்த முடியாது என்று தெரிந்துவிட்டது. பாவம், வக்கீலுக்குத் தெரியவில்லை. அவர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

நீதிபதி அம்மா கேட்டார்: "அந்தப் பெண் பதட்டப்பட்டாரா?"

"இல்லைங்கம்மா. நான் கத்தினா நிறுத்தாதேன்னு சொல்லி வச்சிருந்தாங்க. அந்தப் பொண்ணு என்னைத்தான் கேட்டா, நிறுத்த வேண்டாமான்னு. நான் வேண்டாம்னு சொன்னேன்."

வக்கீல் எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

"இது உங்களுக்குப் பாதகமான வாக்குமூலம். தெரிந்துதான் சொல்கிறீர்களா?"

"என் பக்கம் பிரேக் இல்லாத வண்டின்னு தெரிஞ்சுதான் ஏறினேன். சொல்லிக்கொடுக்குற சீட்டுல உக்காந்தவ நான். கத்துக்குறவங்க தப்புக்கெல்லாம் அந்த சீட்டுலதாங்கம்மா பதில் சொல்லணும். இது அவ தப்புகூட இல்லை."

இயக்குநர் அப்படிச் சொன்னதை நடைபாதையில் நின்ற நானும் கேட்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே எழுந்து சொன்னேன். அதட்டி உட்காரவைத்தார்கள், அப்புறம் முறைப்படி கூப்பிட்டும் கேட்டார்கள்.

தீர்ப்பு இன்னொரு நாள் வந்தது. பெண்ணை விடுவித்தார்கள். இயக்குநரையும் நிறுவனத்தையும் வழக்கில் சேர்க்கச் சொன்னார்கள். அக்காவைச் சிறைக்கு அனுப்பவில்லை, ஆனால் பயிற்சியாளர் உரிமத்தை ரத்து செய்தார்கள். இனி ஒருபோதும் கிடையாது என்று நீதிபதி வாசித்தபோது அக்கா தலையை ஆட்டினாள், தெருவில் அன்று ஆட்டிய மாதிரியே. அந்தப் பெண்ணின் அம்மா வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வக்கீல் தாள்களை அள்ளிக்கொண்டு எங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டார்.

பேருந்தில் திரும்பினோம். கூட்டம் அதிகம். ஓட்டுநருக்கு இரண்டு வரிசை பின்னால் எங்களுக்கு இடம் கிடைத்தது. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளைக் காலையிலிருந்து இவள் எங்கே போவாள், என்ன செய்வாள் என்று எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. நின்றுகொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் அவளை அடையாளம் கண்டுவிட்டார்கள். ஒருவன் இன்னொருவனை இடித்தான். கைப்பேசியைத் தூக்கினான். நான் எழுவதற்குள் இன்னொருவன் காலைத் தரையில் மிதித்துத் தொண்டை கிழியக் கத்தினான்.

"பிரேக்!"

பேருந்து நின்றது.

சாதாரணமாக நிற்கவில்லை. நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள், யாருடைய பையோ தலைக்கு மேலிருந்து விழுந்தது, கைப்பேசி இருக்கைகளுக்கு அடியில் போனது. பின்னாலிருந்த வண்டிகள் ஒலியெழுப்பின. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து திரும்பினார். நரைத்த மீசை, முகமெல்லாம் வேர்வை.

"யாரு கத்தினது? என்ன ஆச்சு? யாராவது கீழ விழுந்துட்டாங்களா?"

பையன்கள் குனிந்து கைப்பேசியைத் தேடினார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "சும்மா விளையாட்டுக்குண்ணே. டிவியில வருமே, தெரியாதா?" என்றார்.

"எனக்கு ஏதுய்யா டிவி பார்க்க நேரம்? பிரேக்னு கத்தினா எவனாவது நிறுத்தாம ஓட்டுவானா?" ஓட்டுநர் பையன்களை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, வண்டியை எடுத்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். வழக்கு நடந்த காலம் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், பேருந்தில் அத்தனை பேருக்கு முன்னால், குழந்தை மாதிரி அழுதாள். கீழே பார்த்தேன். அவளுடைய வலது கால் என் செருப்பின் மேல் முழுப் பலத்தோடு பதிந்திருந்தது. வலியில் உயிர் போயிற்று.

"அக்கா, பஸ்ஸுக்கு டிரைவர் இருக்காரு," என்றேன்.

"ஆமாம்டி," என்றாள் அக்கா. "இருக்காரு."

நாங்கள் இறங்கும் நிறுத்தம்வரை அவள் காலை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.